பெட்டியுள் இருக்கும் முன்னோர்

மனித என்புகளை நூதனசாலையில் வைத்தல் தகுமா என்னும் வினா நமக்குத் தொலைவானதன்று. 2019 ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்கொத்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகம், தன் வசமிருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை, அங்கு சென்றிருந்த வேடர் தலைவர் ஊருவரிகே வன்னிலா எத்தோ அவர்களிடம் ஒப்படைத்தது.

அவை அங்கே சென்றது எவ்வாறு? பத்தொன்பதாம் நூற்றாண்டில், மண்டையை அளந்து மனித இனங்களைத் தரம் பிரிக்கலாமென ஐரோப்பிய அறிஞர் பலர் நம்பினர். பாசல் நகரத்துச் சரசின் உறவினர் இருவர் 1883 முதல் நம் நாட்டில் ஆராய்ந்து, வேடர் என்புகளையும் திரட்டினர். அந்த அளவுகோல் பொய்த்தது, பெட்டிகள் எஞ்சின.

இவற்றைப் பேணுதல் எளிய காரியமன்று. ஒருவருடைய என்புகள் இன்னொருவருடையவற்றோடு கலவாமல் தனிப்பெட்டியில் இருத்தல் வேண்டும். தாள் அமிலமற்றதாதல் வேண்டும். உதிர்ந்த பல்லுக்கும் தனி உறை வேண்டும். மண்டையோட்டைக் கண்குழியிற் பிடித்துத் தூக்கலாகாது. இரு கைகளாலும் தாங்கி, மெத்தை விரித்த மேசைமீதே வைத்தல் வேண்டும். இவை யாவற்றினும் பெரிது பதிவேடு. எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என்பது இல்லையேல் ஆய்வாளனுக்கும் பயனில்லை, உறவினனுக்கும் வழியில்லை.

பூட்டி வைத்தலே பாதுகாப்பு என்பாருமுளர். யான் உடன்படேன். நோய், உணவு, உழைப்பு ஆகியவற்றின் தடங்களை என்பு காட்டும். அதனைக் கற்றல் நன்றே. ஆயின் மரபணுவுக்காக என்பைத் துளைத்தால் துளைத்த பகுதி மீளாது. கதிர்ப்படம் எடுத்தால் என்பைத் தொடவேண்டியதில்லை. எனினும் அப்படத்தை உலகெங்கும் பரப்புமுன் உரியவரைக் கேட்டல் முறை. நம் ஊரில் ஒரு மையித்து நேரத்தோடு நல்லடக்கம் பெறாவிடின் குடும்பமே அமைதியிழக்கும். வேடர்க்கு மட்டும் அது வேறாகுமோ?

அமெரிக்கா 1990 இல், பூர்வகுடியினரின் என்புகளைப் பட்டியலிட்டு உரியவர்க்கு அறிவிக்குமாறு நூதனசாலைகளைச் சட்டத்தாற் பணித்தது. பிரித்தானியாவின் 2004 ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆயிரம் ஆண்டுக்குட்பட்ட என்புகளைக் கையளிக்க ஒன்பது தேசிய நிறுவனங்களுக்கு அதிகாரம் மட்டுமே வழங்கிற்று, கட்டாயப்படுத்தவில்லை. முன்னது மேலானது என்பது என் கருத்து. இருப்பதை அறியாதவன் எதனைக் கேட்பான்?

நம் அம்பாறை மாவட்டத்துப் பொல்லேபெத்தையிலும் வேடர் வாழ்கின்றனர். வாகரைக் கரையோர வேடர் தமிழே பேசுகின்றனர். பெட்டியின் மேல் “இலங்கை, வேடர்” என்று மட்டும் எழுதியிருப்பின், அவ்வென்பை எவ்வூரார் ஏற்பது? தம்பானைக்கா, பொல்லேபெத்தைக்கா, வாகரைக்கா? பழைய கடிதங்களையும் கப்பற் பட்டியல்களையும் புரட்டியே விடை தேடுதல் வேண்டும். அத்தேட்டத்தில் அவ்வூர் முதியோரும் உடனிருத்தல் வேண்டும்.