தளம் உங்கள் பெயரில், கணக்கு மச்சான் பெயரில்

வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் இணையச் சேவைகளுக்கு இலங்கையில் 18 சதவீத வற் வரி வரப்போகிறது என்று அறிவித்தாலும் அறிவித்தார்கள், வாசகர் கடிதங்களில் ஒரே கேள்விதான்: வரி வருவதற்கு முன்னரே டொமைனைப் புதுப்பித்துவிடட்டுமா? கேட்பவர்களில் கணிசமானோர் குறும்படத்திலும் பாடல் காணொளியிலும் நடிப்பவர்கள், புடவைக்கடை விளம்பரங்களுக்கு மொடலாக நிற்பவர்கள். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் இருந்தும் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் 2025 ஒக்டோபர் 1 என்றார்கள். பிறகு 2026 ஏப்ரல் 1 என்றார்கள். இன்னொரு தடவை தள்ளிப்போனாலும் வியக்கமாட்டேன். எப்போது வந்தாலும், ஆண்டுக்கு 15 டொலர் கட்டுகிற டொமைன் பெயருக்கு வரி 2 டொலர் 70 சதம். அதற்குப் பதற ஒன்றுமில்லை. பதற வேண்டிய விசயம் அதே கடிதங்களில் போகிற போக்கில் வருகிறது: "டொமைனை சுவிஸில் இருக்கிற மச்சான்தான் தன்ர கார்ட்டில எடுத்துத் தந்தவர்."

ஹோஸ்டிங் என்றால் என்ன, ஷோரீல் எத்தனை நிமிடம், எந்த வார்ப்புரு நல்லது என்பதை எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் பெடியளே யூடியூப்பில் அழகாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லாத ஒன்றைப் பார்ப்போம்.

"உங்கள் பெயரைச் சொந்தமாக்குங்கள்" என்று எல்லாப் பதிவு நிறுவனங்களும் முகப்பில் எழுதியிருக்கும். ஒப்பந்தத்தைத் திறந்தால் சொந்தம் எதுவும் இல்லை. ஆண்டுக் கணக்கில் குத்தகை, கூடினால் பத்து ஆண்டு. அந்தக் குத்தகைக்காரர் யாரென்றால், பதிவுப் படிவத்தில் எவருடைய பெயரும் மின்னஞ்சலும் இருக்கிறதோ அவர். தளத்தின் முகப்பில் உங்கள் படம் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருக்கலாம். படிவத்தில் இருப்பவர் மச்சான். வெளியில் இருந்து பார்த்து இதை அறியவும் வழியில்லை. ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்ததில் இருந்து பெயர் வைத்திருப்பவரின் விபரங்கள் பொதுப் பதிவில் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. அந்தரங்கத்துக்கு நல்லது. தன் பெயர் யார் கையில் இருக்கிறது என்று தேடுகிற நடிகருக்குத்தான் கண்கட்டு.

இனி, எனக்கு உறுத்தலாக இருக்கிற இடத்துக்கு வருகிறேன். ஒரு டொட் கொம் பெயர் ஏப்ரல் 14, புதுவருடத்தன்று காலாவதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். மச்சானின் கடனட்டை மாறிவிட்டது. தானியங்கிப் புதுப்பிப்புத் தோற்றுப்போனது. அன்று என்ன நடக்கும்? பெயர் செத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. டொட் கொம் பெயர்கள் அனைத்தையும் வைத்திருக்கும் வெரிசைன் பதிவகம் அந்தப் பெயரைத் தானாகவே இன்னோர் ஆண்டுக்கு நீட்டிவிடும். அதற்கான மொத்தவிலையை, அதாவது 2024 செப்டெம்பரில் இருந்து 10 டொலர் 26 சதத்தை, பதிவு நிறுவனத்திடம் அறவிடும். உங்களிடம் பெயரை விற்ற அந்த நிறுவனம் 45 நாட்களுக்குள் பெயரை அழித்தால் அந்தப் பணம் அதற்குத் திரும்பக் கிடைக்கும்.

பல இணையப் பக்கங்களில் "45 நாள் சலுகைக்காலம்" என்று வாசிக்கிறோமே, அது இதுதான். சலுகை விற்றவருக்கு, வாங்கியவருக்கு இல்லை. உங்களுக்கு எத்தனை நாள் என்பதை அந்த நிறுவனத்தின் நிபந்தனைகள்தான் தீர்மானிக்கின்றன. காலாவதியாகி ஒரு மாதம் ஆவதற்குள்ளேயே பெயரை ஏலத்தில் விடும் உரிமையைப் பல நிறுவனங்கள் அந்தப் பொடி எழுத்தில் எடுத்து வைத்திருக்கின்றன. ஏலத்தில் போனால் பெயர் அழிக்கப்படுவதே இல்லை, படிவத்தில் ஆள் மட்டும் மாறுகிறார். அழிக்கப்பட்ட பெயரை மீட்பதற்கென்று, உலக டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு விதித்திருக்கும் 30 நாள் மீட்புக்காலம் அப்போது தொடங்கவே தொடங்காது. ஏலம் இல்லாமல் 45 நாளும் கழிந்து அழித்தார்கள் என்றால் மே 29 வரும். அதன்பின் 30 நாள், ஜூன் 28 வரை, வழமையான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கொடுத்து மீட்கலாம். பிறகு எவரும் தொட முடியாத 5 நாள். ஜூலை 3 அளவில் பெயர் சந்தைக்கு வரும். அதற்கென்றே காத்திருக்கும் தானியங்கி மென்பொருட்கள் கண நேரத்தில் தூக்கிவிடும்.

இதில் இன்னொரு பொறி. கவலைப்பட்ட நடிகர் ஏப்ரல் 20 அளவில் பொதுப் பதிவைத் தேடிப் பார்க்கிறார். பதிவகம்தான் நீட்டிவிட்டதே, காலாவதித் திகதி அடுத்த ஆண்டு என்று காட்டுகிறது. "மச்சான் கட்டிப்போட்டார்" என்று நிம்மதியாகப் படுக்கிறார். திகதியை விட்டுவிட்டு அதனருகே இருக்கும் நிலைக்குறியைப் பாருங்கள். "ஓட்டோ ரினியூ பீரியட்" என்று இருந்தால் அந்த 45 நாள் ஓடுகிறது. பணம் கட்டப்பட்டதா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது, கணக்குக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். "ரிடெம்ப்ஷன் பீரியட்" என்றால் உடனே தொலைபேசியை எடுங்கள். "பெண்டிங் டிலீட்" என்றால் எடுத்தும் பயனில்லை.

எச்சரிக்கைக் கடிதம் வராதா? வரும். காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னர் ஒன்று, ஒரு வாரம் முன்னர் ஒன்று, காலாவதியாகி ஐந்து நாளுக்குள் ஒன்று அனுப்ப வேண்டும் என்பது ஐகான் விதி. மூன்றும் மச்சானின் மின்னஞ்சலுக்குப் போகும். அவர் அதைக் குப்பை அஞ்சல் என்று நினைத்து அழித்தால் அவரில் பிழை சொல்லவும் முடியாது. டொமைன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிற மின்னஞ்சல்களும் அதே மாதிரித்தான் வருகின்றன. முடிவில், சென்னையில் நடிகர் தேர்வு செய்பவர் உங்கள் பெயரைத் தட்டினால் சூதாட்டத் தளம் ஒன்று திறக்கும்.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். உங்கள் மின்னஞ்சலில் அதே பதிவு நிறுவனத்தில் ஒரு கணக்குத் திறந்து, பெயரை மச்சானின் கணக்கில் இருந்து அதற்குள் மாற்றித் தரச் சொல்லுங்கள். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதானால் அவரிடம் மாற்றக் குறியீடு வாங்க வேண்டும். பெயர் புதிதாகப் பதிந்தோ இடம் மாறியோ 60 நாள் ஆகாவிட்டால் பூட்டு விழுந்திருக்கும், ஆகவே கடைசி வாரத்தில் இறங்காதீர்கள். காசை மச்சானே தொடர்ந்து கட்டட்டும், அதில் வெட்கம் இல்லை. அவர் மனம் நோகும் என்று தயங்கி இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். காணி உறுதியில் பெயர் மாற்றக் கேட்டால் ஊரில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததால் வந்த தயக்கம் அது.

அளவெட்டிக்காரருக்கு இந்தக் கவலை புதிது. நாதஸ்வரத்தில் என்.கே. பத்மநாதனுக்கு ஊர்ப்பெயர்தான் முகவரியாக முன்னால் நின்றது. அளவெட்டி பத்மநாதன் என்றால் கோயிலில் இருந்து ஆள் நேரே வீட்டுக்கு வரும். அந்த ஊர்ப்பெயரை எவரும் ஏலத்தில் எடுக்க முடியாது. 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பு, எவரோ பதிந்து எவரோ ஏற்றிய ஒலிப்பதிவுகளில்தான் இன்று இணையத்தில் கிடக்கிறது. அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்திய தேசிய விருதும் வாங்கியது. அவர்களுக்குக் கோயிலும் இரசிகர்களும் பெயரைக் காத்துக் கொடுத்தார்கள். அளவெட்டியில் இருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ வாய்ப்புத் தேடும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு கூட்டம் இன்னும் சேரவில்லை. எழுத்தாளரும் 'தீபன்' படத்தின் நாயகனுமான ஷோபாசக்தி தன் பெயரிலேயே தளம் வைத்திருக்கிறார். தேடுகிறவருக்கு அவருடைய சொல் அவரிடமிருந்தே கிடைக்கிறது.

பறிபோன பெயரைச் சட்டப்படி மீட்க முடியாதா என்றால், ஜூலியா ரொபேர்ட்ஸ் மீட்டார். 2000 ஆம் ஆண்டு, உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நடுவர் குழு அவருடைய பெயரிலான டொட் கொம்மை அவரிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு பாடகர் ஸ்டிங் தோற்றார். ஸ்டிங் என்பது அகராதியில் இருக்கிற பொதுச்சொல், வைத்திருந்தவரிடம் தீய நோக்கமும் நிரூபணமாகவில்லை என்றார்கள். அடுத்த ஆண்டு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் தோற்றார். வெல்ல வேண்டுமானால் உங்கள் பெயர் சந்தையில் ஒரு வணிகக்குறி போலப் புழங்குகிறது என்று காட்ட வேண்டும். ஒருவரே நடுவராக இருந்தாலும் கட்டணம் 1,500 டொலர். "உங்கள் உரிமையைக் காக்கும் எளிய பொறிமுறை" என்று இதை வருணிப்பவர்கள் இரண்டு குறும்படம் மட்டும் நடித்தவரை நினைத்து எழுதவில்லை.

மற்றக் கேள்விகள், சுருக்கமாக.

டொட் எல்கே எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையா? ஐகானின் மேற்சொன்ன விதிகள் நாட்டுப் பெயர்களுக்குப் பொருந்தா, எல்கே பதிவகத்தின் நிபந்தனைகளைத் தனியாகப் படியுங்கள். 2021 பெப்ரவரி 6 அன்று கூகுளின் எல்கே முகவரியே வேறு பக்கத்துக்குத் திருப்பப்பட்டதையும் நினைவில் வையுங்கள்.

டொட் இலங்கை என்று தமிழிலேயே எடுக்கலாமா? 2010 இல் இருந்து அந்த வசதி இருக்கிறது, ஆனால் தமிழ் முகவரியைச் சில படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை. இரண்டாவது பெயராக வைத்திருங்கள்.

இலவச டொமைன்? டொட் டிகே முதலியவற்றை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த ஃப்ரீனோம் 2024 இல் தொழிலையே விட்டுவிட்டது.

இன்ஸ்டகிராம் இருக்க, தளம் எதற்கு? 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று குறைந்தது மூன்று தடவை அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது.

தளத்தில் எதைப் போடக்கூடாது? வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம், முழுப் பிறந்த திகதி, கடவுச்சீட்டுப் பிரதி. உயரமும் தெரிந்த மொழிகளும் ஒரு மின்னஞ்சலும் போதும்.

கலியாணப் படப்பிடிப்புக்காரர் எடுத்த படங்களைப் போடலாமா? அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுப் போடுங்கள், வட்ஸ்அப் செய்தி என்றாலும் பரவாயில்லை.

பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? கடவுச்சீட்டில் உள்ளபடி, எண்கணிதம் பார்த்துக் கூட்டிய எழுத்துகள் இல்லாமல். படத்தின் பெயர் வரிசையிலும் அதையே போடச் சொல்லுங்கள்.