யூதர் குடும்பப் பெயரும் நம் தலைப்பெழுத்தும்

ஜீவனஹள்ளித் தமிழரிடையே சூசை, யாகப்பன் என்பவை பழகிய பெயர்கள். யோசேப்பும் யாக்கோபுமே இவ்வாறு மருவின. எபிரேயப் பெயர்கள் நமக்குப் புதியவையல்ல. யூதரின் குடும்பப் பெயர்கள் எப்படி வந்தன என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படாத சங்கதி.

ஆதியில் யூதருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. எபிரேயத்தில் 'பென்' என்றால் மகன். தகப்பன் பெயரை நாம் ஓரெழுத்தாக்கி முன்னால் வைக்கிறோம். அவர்கள் முழுசாகப் பின்னால் வைத்தார்கள். கோகென் என்பது ஆலயக் குருமார் வழியையும், லேவி என்பது ஆலயப் பணிக்குரிய குலத்தையும் காட்டும். 'காட்ஸ்' என்பதை ஜெர்மானியரின் பூனை என்றுதான் எண்ணத் தோன்றும். அதுவோ 'கோகென் ட்ஸெடெக்', அதாவது நீதியுள்ள குரு, என்பதன் எழுத்துச் சுருக்கம். அசல் இனிஷியல்!

கொங்கணத்து பெனே இஸ்ரேல் யூதர் ஊர்ப்பெயரைக் கொண்டனர். பேண் ஊரார் பேண்கர், கெஹிம் ஊரார் கெஹிம்கர். உ.வே.சா.வின் முதலெழுத்தும் உத்தமதானபுரந்தானே?

தமிழர்க்கு இன்னும் நெருக்கமான சான்று கொச்சி யூதர் செப்பேடு. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவன் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் அளித்தான். வட்டெழுத்தில் அப்பெயர் 'இஸ்ஸுப்பு இரப்பான்' என்றுள்ளது. ரகரம் மொழிக்கு முதலில் வாராது என்பதால், ராமன் இராமனானதுபோல் ரப்பானும் இகரம் பெற்றான்! இரந்துண்பவன் என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். ரப்பான் என்பது ஆசான், தலைவர் எனும் பட்டம். ஆக, இதுவும் குடும்பப் பெயரன்று.

பரம்பரைப் பெயர் பல யூதருக்கு அரசாணையால்தான் வந்தது. 1787-இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், தம் நாட்டு யூதர் நிலையான ஜெர்மானியக் குடும்பப் பெயர் சூட்டியாக வேண்டும் என்று சட்டமிட்டார். வரி வாங்க, படைக்கு ஆள் எடுக்க அதிகாரிகளுக்கு வசதி.

அந்த ஆணை இன்று நம் வீட்டுக்கு விண்ணப்பப் படிவமாக வருகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாம். ஆனால் அமெரிக்க விசாவில் அப்போது முழுப்பெயரும் குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயருக்குரிய இடத்தில் 'பெயர் தெரியாது' எனும் பொருளில் எஃப்.என்.யு. என்று விழும். பெற்றவர் ஆசையாய் வைத்த பெயர் இருக்க, இதென்ன கூத்து! சரியென்று தகப்பன் பெயரால் கட்டத்தை நிரப்பினால், எனக்கு என் அப்பா பெயர், மகனுக்கு என் பெயர், பேத்திக்கு அவன் பெயர். ஒரே கூரையின் கீழ் மூன்று 'குடும்பம்'! மூவரும் உறவு என்று மெய்ப்பிக்கச் சான்றிதழ்களைக் கட்டிக்கொண்டு நான் கவுண்டரில் நிற்கிறேன்.