ஆலோசனையின்போது உடல் அசைவுகள் ஒத்துப்போவது ஏன்?

மனநல ஆலோசனையில் இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசுகையில், ஒருவர் முன்னால் சாய்ந்தால் சற்று நேரத்தில் மற்றவரும் சாய்வதுண்டு. பெரும்பாலும் இருவருமே இதை அறிவதில்லை. இவ்வாறு இருவருடைய அசைவுகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கூடிக் குறைவதை ‘அசைவு ஒத்திசைவு’ என்கிறோம். ஒரே அசைவைத் திரும்பச் செய்வது மட்டுமன்று. ஒருவர் கையசைத்துப் பேசும்போது மற்றவர் தலையசைப்பதும் இதில் அடங்கும்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடைபெற்று 2011-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இத்துறையில் முக்கியமானது. 70 நோயாளிகளின் 104 ஆலோசனை அமர்வுகளின் காணொளிகள் அதில் ஆராயப்பட்டன. அடுத்தடுத்த படங்களுக்கிடையே எத்தனை புள்ளிகள் மாறுகின்றன என்பதைக் கொண்டு, ஒவ்வொருவரும் எவ்வளவு அசைந்தார் என்று கணினி கணக்கிட்டது. இருவரும் என்ன பேசினர் என்பது அதற்குத் தேவைப்படவில்லை. பின்னர் பதிவுகளை இடம் மாற்றிக் கலைத்து ஒப்பிட்டபோது, உண்மையான அமர்வுகளில் காணப்பட்ட ஒத்திசைவு தற்செயலானதன்று என்று தெரிந்தது. ஆலோசகருடனான உறவு நன்றாக உள்ளதென நோயாளிகள் கருதிய அமர்வுகளில் ஒத்திசைவும் கூடுதலாக இருந்தது.

அப்படியானால் ஒத்திசைவு கூடக் கூட நல்லதா? அவ்வாறு சொல்வதற்கில்லை. ஜெர்மனியின் ட்ரியர் நகரில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், முன்னேற்றமின்றிப் பாதியில் நின்றுவிட்டவர்களிடம் ஒத்திசைவு மிகக் குறைவாக இருந்தது. ஆனால் நலம் பெற்றவர்களிடம் அது நடுத்தர அளவிலேயே காணப்பட்டது. தவிரவும், நல்ல உறவால் அசைவுகள் இணைகின்றனவா, அசைவுகள் இணைவதால் உறவு வளர்கிறதா என்பதை இவ்வகை ஆய்வுகளால் பிரித்துக் கூற இயலாது. ஆகவே, ஆலோசகரைப் பார்த்து வேண்டுமென்றே அவரைப்போல அமர முயல வேண்டியதில்லை. அது கவனத்தைச் சிதறடிக்கவே செய்யும்.

உடன் வரும் குடும்பத்தினர் கவனிக்க வேண்டியது வேறொன்று. “டாக்டர் கேட்கிறார், மரம்போல உட்கார்ந்திருக்கிறாயே” என்று கடிந்துகொள்வதைப் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி கேட்க முடிகிறது. மனச்சோர்வு நோய் உடலசைவையே மந்தமாக்கும். ஆட்டிசம் உள்ளவர்களின் அசைவு இயல்பாகவே வேறுபட்டிருக்கலாம். மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் சில மருந்துகளால் தசை இறுக்கம், முகபாவனை குறைதல், நடக்கையில் கைவீச்சு குறைதல் ஆகியன ஏற்படக்கூடும். இவை விருப்பமின்மையோ அலட்சியமோ அல்ல. மருந்து தொடங்கிய பிறகோ அளவு கூட்டிய பிறகோ இம்மாற்றங்கள் தோன்றினால், எந்த நாளிலிருந்து என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு. தாமாக மருந்தை நிறுத்துவது நோய் திரும்ப வழிவகுக்கும்.

முதல் ஓரிரு அமர்வுகளில் இறுக்கமாக உணர்வது இயல்பே. சில அமர்வுகளுக்குப் பின்னரும் ஆலோசகர் தம்மைக் கவனிக்கவில்லை என்று தோன்றினால், அதை அவரிடமே நேரில் கூறலாம். அதைக் கேட்டுக்கொள்வதும் அவரது பணியின் ஒரு பகுதியே. பயனில்லையெனில் வேறு ஆலோசகரைக் கோருவதில் தவறில்லை. சிகிச்சையை மட்டும் கைவிட வேண்டாம்.

நேரில் வர இயலாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தொலைபேசியில் உடலசைவு தெரியாததால், அழுகை வந்தாலோ பேச முடியாமல் போனாலோ “சற்றுப் பொறுங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.