நனைந்த குட்டியும் வாடைக்காற்றும்



ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துவிட்டால் எப்போதும்வென்றான் பக்கம் ஆடு வளர்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "ராத்திரி நல்லாத்தான் இருந்தது, விடிஞ்சு பார்த்தா குட்டி வெறச்சுக் கிடக்கே, என்ன நோய்?" பல நேரம் அது நோயே அல்ல, குளிர்.

'நம்ம ஊரில் என்ன பெரிய குளிர்?' என்பீர்கள். லடாக்கின் சாங்தாங் மேட்டு நிலத்தில் குளிர்கால இரவில் தண்ணீர் உறையும் நிலைக்கும் 30 டிகிரி கீழே போகும். அங்கேயும் வெள்ளாடு பிழைத்துக் கிடக்கிறது. அதன் நீளமான மயிருக்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு மயிர் வளர்கிறது. அதைச் சீவி எடுத்துத்தான் பஷ்மினா சால்வை நெய்கிறார்கள். உண்மையில் காப்பாற்றுவது மயிர்கூட அல்ல. மயிருக்குள் அடைபட்டு அசையாமல் நிற்கிற காற்று. உடம்புச் சூட்டை அது வெளியே விடுவதில்லை.

நம்ம வேம்பூர் ஆடு, பொட்டு ஆடு என்கிறோமே, அதற்குக் கம்பளி கிடையாது. வெயிலுக்கு ஏற்ற குட்டை மயிர். அதுவும் நனைந்தால், காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும். மேலே வாடைக்காற்று வேறு. ஈரத்துணி சுற்றிய மண்பானை காற்றில் இருந்தால் தண்ணீர் ஜில்லென்று ஆகிறதல்லவா? நனைந்த குட்டிக்கும் அதே கதிதான்.

பெரிய ஆடு சமாளித்துக்கொள்ளும். தின்ற தட்டை பெருவயிற்றில் நொதித்துச் சூடு கிளப்பும். எருக்குழியைக் கிளறினால் ஆவி வருகிறதே, அதுபோல. அதனால் மழைக்காலத்தில் பொழுதுசாய ஒரு பிடி சோளத்தட்டை கூடுதலாகப் போடுங்கள்.

பிறந்த குட்டிக்கு அந்த வசதி இல்லை. பிறக்கும்போதே ஈரம், உடம்போ சிறிசு. டம்ளர் காப்பி ஆறுகிற வேகத்தில் அண்டா வெந்நீர் ஆறுமா? ஆனால் இயற்கை அதற்கு ஒரு கட்டுச்சோறு கொடுத்து அனுப்புகிறது. சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள பழுப்புக் கொழுப்பு அது. அதை எரித்து, நடுங்காமலே குட்டி சூடு உண்டாக்கிக்கொள்ளும். வாடையில் அது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் சீம்பால் உள்ளே போகவேண்டும். சீம்பால் ஆகாது என்று சில வீடுகளில் தரையில் பீய்ச்சிவிடுகிறார்கள். குட்டியின் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம் அது.

குட்டி விழுந்ததும் தாய் நக்கட்டும். நீங்களும் பழைய சாக்கால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் காம்பைப் பிடிக்கச் செய்யுங்கள். ஈரக் கரிசலில் படுக்கவிடக் கூடாது. மேடான இடத்தில் காய்ந்த வைக்கோல் பரப்பி, வடக்குப் பக்கம் தட்டைப் படல் கட்டினாலே பாதிக் குளிர் போய்விடும். அடைத்த கொட்டத்துக்குள் மூட்டம் போடாதீர்கள். புகை குட்டியின் நெஞ்சைக் கெடுக்கும்.

வாய்க்குள் விரல் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்து, குட்டி தலையைத் தூக்காமல் கிடந்தால் பால் புகட்டவே கூடாது. புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். துடைத்து, சாக்கில் சுற்றி, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் பொதிந்து பக்கத்தில் வையுங்கள். தலை தூக்கி விரலைச் சப்ப ஆரம்பித்த பிறகு சீம்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அப்படியும் தலை தூக்கவில்லையென்றால் தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போங்கள்.