பழைய முட்டையை அறியுமாறு

சென்னையினின்று புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அணுகுங்கால், உப்பளப் பாத்திகள் வெயிலில் ஒளிர்தலையும் உப்பு வெண்குவியலாய்க் கிடத்தலையும் காண்பர். உப்பு விளையும் ஊருக்கும் முட்டைக்கும் என்ன தொடர்பு என நண்பர்கள் வினவலாம். முட்டை புதியதோ பழையதோ என நம் இல்லங்களில் ஆராயும் முறை நீரைச் சார்ந்தது. அளக்கரையிலோ எல்லா நீரும் ஒரு தன்மைத்தன்று. இதனால் விளையும் மயக்கத்தை ஈண்டு விளக்கப் புகுவோம்.

முட்டையின் ஓடு திண்ணியதாய்த் தோன்றினும், அதன்கண் பல்லாயிரம் நுண்துளைகள் உள. இட்ட நாள்முதல் அவற்றின் வழியே உள்ளீரம் ஆவியாய் வெளியேற, அவ்விடத்தைக் காற்று நிரப்புகின்றது. அகன்ற முனையிலுள்ள காற்றறை இவ்வாறு நாளுக்கு நாள் பெருகும். புது முட்டை தன் கனவளவுள்ள நீரினும் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பங்கு எடை மிகுந்தது. ஆதலின் நன்னீரில் அமிழ்ந்து பக்கவாட்டிற் கிடக்கும். சில நாள் சென்றால் அகன்ற முனை மேலெழச் சாயும். பின்னர் நிமிர்ந்து நிற்கும். மிகப் பழகியது மிதக்கும்.

இதே முட்டையை உப்புநீரில் இடுவோம். கடல்நீர் நன்னீரினும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமுடையது. நன்னீரில் அடியிலே நிமிர்ந்து நிற்கும் முட்டை அதில் மிதந்துவிடக்கூடும். பாத்தியில் உப்புப் படியத் தொடங்கும் நீரோ, நன்னீரினும் ஐந்தில் ஒரு பங்கு கனம் மிகுந்தது. அன்று காலை இட்ட முட்டையும் அதில் தக்கைபோல் மிதக்கும்! உப்புநீரின் செறிவை அறிய முட்டையை மிதக்கவிடுதல் பல நாடுகளிலும் பழைய வழக்கம். அங்கே அளக்கப்படுவது நீரேயன்றி முட்டையன்று. ஆதலின் கிணறு உவர்த்துப்போன ஊர்களில் குடிநீரைக் கொண்டே சோதித்தல் வேண்டும். இன்றேல் நல்ல முட்டையைக் குப்பையிற் போட நேரும். வடகிழக்குப் பருவமழையில் அளத்து வேலை நின்று, கூலியின்றி இருக்கும் குடும்பத்துக்கு அது சிறு நட்டமன்று.

நிற்க. மிதத்தல் முட்டையின் வயதைக் காட்டுமேயன்றித் தீமையைக் காட்டாது. இதனையே நாம் வற்புறுத்தக் கருதுகின்றோம். மிதக்கும் முட்டை உண்ணத்தக்கதாய் இருத்தலும், அமிழும் முட்டை நோய் விளைத்தலும் கூடும். சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிர், ஓடு உருவாகுமுன்னரே கோழியின் உடலினின்று முட்டைக்குள் புகுவதுண்டு. அம்முட்டைக்கு நிறமாற்றமும் இல்லை, நாற்றமும் இல்லை. கூழ்முட்டையோ தன் நாற்றத்தால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஒருவகையில் அது நேர்மையுடையதே.

ஆதலின் முட்டையை நேரே சட்டியில் உடையாது, தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்தல் நன்று. வெண்கரு சற்றே கலங்கியிருப்பது புதுமையின் அடையாளம். அதைக் கண்டு அஞ்சுவோர் பலர். வெண்கரு நீர்த்துப் பரவுதலும் மஞ்சட்கரு தட்டையாதலும் பழமையைக் காட்டும், அவ்வளவே. இளஞ்சிவப்போ பச்சையோ கருமையோ காணினும், கந்தக நாற்றம் வீசினும் எறிந்துவிடுக. ஏனையவற்றை வெண்கருவும் மஞ்சட்கருவும் இறுகும்வரை வேகவைக்க வேண்டும். குழந்தைகள், கருவுற்றோர், முதியோர் ஆகியோர்க்கு அரைவேக்காடு ஆகாது. நாமக்கல்லினின்று வண்டியேறி வரும் முட்டை கடைக்கு வருமுன்னரே சில நாட்களைக் கழித்திருக்கும். நம் கோடை வெப்பத்தில் அது விரைந்து பழகும். குளிர்ப்பெட்டியுள்ளோர் அதனுள் வைத்துப் பலவாரம் காக்கலாம். ஆயின் வெளியே எடுத்தபின் ஓட்டின்மேல் நீர் வியர்க்கும். அந்நீர் நுண்துளை வழியே கிருமிகளை உள்ளிழுத்தல் கூடுமாதலின், வேண்டுமளவே எடுத்து உடனே சமைத்தல் வேண்டும்.