தளர்ந்த வால்வும் மார்வலியும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரோ, முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன பின்னும் சங்கு குளித்தே ஜீவனம் நடத்துபவரோ, இடது மார்பில் சுருக்கென்று குத்தும் வேதனையோடு வைத்தியரிடம் சென்று, எக்கோ பரிசோதனையின் முடிவில் ‘வால்வு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது’ என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டால், அன்று முதல் தம் ஆயுளே குறைந்துவிட்டதாக எண்ணி மனம் சோர்ந்துபோவது சகஜம். அந்தப் பயம் பெரும்பாலும் அவசியமற்றது.

இருதயத்தின் இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வு, கீழறை சுருங்கி உடம்புக்கு இரத்தத்தை அனுப்பும் தருணத்தில் தன் இரண்டு இதழ்களையும் இறுக மூடிக்கொள்ள வேண்டும். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு அவ்விதழ்கள் தளர்ந்திருப்பதால், காற்று பிடித்த தோணிப் பாய்போல் மேலறைப் பக்கமாக உப்பிக்கொள்கின்றன. மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கும் நோய் வேறு, இது வேறு. இந்நிலை உள்ளவர்களிடம் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ‘டிக்’ ஓசை இருதயத்திற்கு வெளியே பிறப்பதென்றே நெடுங்காலம் நம்பிவந்தார்கள். அது மிட்ரல் வால்விலிருந்து எழுவதை 1963இல் நிலைநாட்டியவர் தென்னாப்பிரிக்க வைத்தியர் ஜான் பார்லோ.

அதன்பின் மார்வலி, படபடப்பு, மனக்கலக்கம் யாவற்றையும் இவ்வால்வின் தலையில் சுமத்தும் வழக்கம் பரவிற்று. வலியோடு வந்தவர்களையே பரிசோதித்துக்கொண்டிருந்தால், வலியும் வால்வும் இணைபிரியாதவையாகத் தோன்றுவதில் ஆச்சரியமென்ன? அமெரிக்காவின் பிராமிங்காம் நகரத்துச் சாமானிய ஜனங்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவோ, இக்குறை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் மார்வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை என்று காட்டிற்று. ஆகவே மார்புத் தசையின் பிடிப்பு, இரைப்பையிலிருந்து எதுக்களிக்கும் அமிலம், உள்ளத்துக் கவலை ஆகியவற்றையும் விசாரித்தறிவதே விவேகம்.

எனினும் சிலருக்கு இரத்தம் மிகுதியாகப் பின்னோக்கிக் கசிந்து மூச்சிரைப்பு உண்டாகும். காலமறிந்து சத்திர சிகிச்சை செய்துகொள்ளும் அவசியமும் நேரும். மூச்சடக்கிக் கடலுள் இறங்கும் தொழிலாளி ஒருமுறையேனும் மயங்கி விழுந்தவரானால், வைத்தியரின் சம்மதமின்றி நீரில் இறங்கவே கூடாது. கரையில் சில நிமிஷங்களில் தெளிந்துவிடும் மயக்கம் நீருக்கடியில் உயிரையே பறித்துவிடும்.

வால்வில் குறை இருப்பது தெரிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். நெஞ்சை அழுத்திப் பிசைந்து, தாடைக்கும் இடக்கைக்கும் பரவி, வியர்வையோடு வரும் வலியை ‘பழைய வால்வு வலிதானே’ என்று அலட்சியம் செய்யாதீர்கள். அது இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கக்கூடும். பொழுது விடியட்டும் என்று காத்திராமல், அந்த க்ஷணமே 108ஐ அழையுங்கள்.