பெரியவர்கள் வாசிக்க வேண்டிய பிள்ளைப் பருவம்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பியானோவோ கீபோர்டோ கற்கும் பிள்ளைகளில் பலருக்கு மேற்கத்திய இசை கிரேடு பரீட்சையாகத்தான் அறிமுகமாகிறது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் பாடத்திட்டம், அதற்குச் சில உருப்படிகள், சான்றிதழ், பிறகு அடுத்த கிரேடு. அந்த வழியில் எங்காவது ஓரிடத்தில் ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’ தொகுப்பிலிருந்து ஒரு துண்டு வந்து சேரும். பெயரிலேயே குழந்தை இருக்கிறது, நீளம் ஒரு பக்கம் இரண்டு பக்கம், விரலுக்குப் பெரிய சிரமமும் இல்லை. சின்னவர்கள் வாசிக்கட்டும் என்று கொடுத்துவிடுகிறார்கள். வாசிப்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் படைப்பு பெரியவர்களுக்காக ஒரு பெரியவர் எழுதியது. அதன் 13 உருப்படிகளையும் வரிசை குலையாமல், வயது வந்த ஒருவர் ஒரே அமர்வில் வாசிக்கும்போதுதான் அது என்ன சொல்கிறது என்று பிடிபடும்.

இதற்கு முதல் சாட்சி ஷூமனேதான். 1838-இன் தொடக்கத்தில் இதை எழுதியபோது லைப்சிக் நகரில் இருந்த அவருக்கு வயது 27. அவர் மணக்க விரும்பிய கிளாரா வீக் 18 வயதிலேயே புகழ்பெற்ற பியானோ கலைஞர். அப்போது வியன்னாவில் கச்சேரிகள் செய்துகொண்டிருந்தார். கிளாராவின் தந்தை இந்தத் திருமணத்துக்கு அடியோடு எதிரி. ‘சில சமயம் நீங்கள் எனக்குக் குழந்தை மாதிரித் தெரிகிறீர்கள்’ என்ற பொருளில் கிளாரா முன்பு எழுதியிருந்த ஒரு வரியின் எதிரொலியாக, சுமார் 30 சிற்றுருப்படிகளை எழுதி, அவற்றில் தேர்ந்தெடுத்ததாக ஷூமன் மார்ச் மாதக் கடிதத்தில் அவருக்குத் தெரிவித்தார். அச்சில் வந்தவை 13. பத்து ஆண்டு கழித்து, 1848-இல், தன் மகள்களை மனத்தில் வைத்து ‘இளையோருக்கான தொகுப்பு’ என்று வேறொன்றை எழுதினார். பிள்ளைகள் வாசிப்பதற்காகவே அமைந்தது அதுதான். முந்தையது மூத்தவர் ஒருவர் மூத்தவர்களுக்காகத் திரும்பிப் பார்த்த பார்வை என்று அந்த ஆண்டே ஒரு கடிதத்தில் பிரித்தும் சொல்லிவிட்டார்.

இசைக்குள் போனால் இன்னும் வலுவான சாட்சி கிடைக்கிறது. நான்காவது உருப்படியில் ஒரு குழந்தை எதையோ கெஞ்சிக் கேட்கிறது. அந்த இசை தன் இருப்பிடத்துக்குத் திரும்பாமல், பதிலை எதிர்பார்த்து நிற்கும் ஒரு ஸ்வரக்கூட்டில் நின்றுவிடும். பதில், நிறைவைச் சொல்லும் ஐந்தாவது உருப்படியின் தொடக்கத்தில் இருக்கிறது. நான்காவதை மட்டும் தனியே பிய்த்து வாசித்தால் கேட்பவருக்குக் கிடைப்பது பாதி வாக்கியம். பன்னிரண்டாவதில் குழந்தை உறங்கிப்போகிறது. அதுவும் தொடங்கிய சுருதியில் முடியாமல் வேறொரு கூட்டில் அப்படியே நழுவுகிறது. குழந்தை தூங்கிய பிறகும் ஓர் உருப்படி மீதம் இருக்கிறது, ‘கவிஞர் பேசுகிறார்’ என்ற தலைப்பில். நடுவில் தாளம் தளர்ந்து, யாரோ வாய்விட்டுப் பேசுவதுபோல ஒற்றை வரியாக இசை நகரும். இதுவரை கேட்டதெல்லாம் யாருடைய நினைவு என்பது அங்கேதான் வெளிப்படுகிறது. இந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிட்டு, புகழ்பெற்ற ஏழாவது உருப்படியான ‘கனவு’ ஒன்றையே திரும்பத் திரும்ப வாசிப்பது இன்றைய வழக்கம்.

தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதன்று. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பாடியது முதல், பிள்ளைத்தமிழ் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவங்களாக வரிசை மாறாமல் நடக்கிறது. குழந்தையைப் பாடுவதால் அது குழந்தை மனப்பாடம் செய்ய வேண்டிய பாட்டு என்று இங்கே யாரும் நினைத்ததில்லை. முதிர்ந்த புலமை கொண்டவர், தாயின் குரலை எடுத்துக்கொண்டு பாடுகிறார். ஷூமனும் ஏறத்தாழ அதைத்தான் செய்கிறார். பிள்ளைத்தமிழ்ப் புலவர் கடைசிவரை தாய்க்குரலுக்குள் மறைந்து நிற்க, ஷூமன் முடிவில் வெளியே வந்து தன் குரலில் பேசிவிடுகிறார் என்பதே வேறுபாடு.

இதற்கு மறுப்புகள் உண்டு. குழந்தைகளுக்கு இது பிடிக்காதா என்ன? பிடிக்கும். 1839-இல் பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட், தன் சின்ன மகளுக்கு வாரம் இரண்டு மூன்று மாலைகள் இதை வாசித்துக் காட்டுவதாகவும் அவள் மகிழ்ந்துபோவதாகவும் ஷூமனுக்கே எழுதினார். ஆனால் அந்த அறையில் வாசித்தவர் யார் என்று பாருங்கள். குழந்தை கேட்டது, பியானோவில் இருந்தவர் லிஸ்ட். ‘கனவு’ தனியாக நிற்காதா என்றும் கேட்கலாம். 1986-இல், 61 ஆண்டுகளுக்குப் பிறகு ரஷ்யா திரும்பிய பியானோ கலைஞர் விளாதிமிர் ஹாரோவிட்ஸ் மாஸ்கோவில் அதைத் தனியே வாசித்தபோது அரங்கில் பலர் கண்கலங்கினார்கள். அதே ஹாரோவிட்ஸ் மறு ஆண்டு வியன்னாவில், 83 வயதில், முழுத் தொகுப்பையும் வாசித்தார். தனித் துண்டு தேன்தான், மறுக்கவில்லை. முழுமையை அறிந்த கையிலிருந்து வந்ததால்தான் அந்தத் துண்டுக்கும் அவ்வளவு கனம்.

மூன்றாவது மறுப்பு வாத்தியம் பற்றியது. இங்கே நல்ல கிராண்ட் பியானோ எத்தனை வீட்டில் இருக்கிறது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஷூமன் காலத்துப் பியானோவும் இன்றைய கச்சேரி மேடை வாத்தியம் அன்று. மரச்சட்டம், இலேசான சுத்தியல், சீக்கிரம் அடங்கிவிடும் ஒலி. ‘கனவு’க்கு அவர் பெயரில் அச்சான வேகக் குறி நிமிடத்துக்கு 100 தட்டு. பலர் இன்று அதன் பாதிக்குச் சற்று மேலே இழுத்து வாசிக்கிறார்கள். 100 என்பது அவருடைய மெட்ரோனோமின், அதாவது வேகம் காட்டும் கருவியின், கோளாறு என்ற வாதம் நெடுநாளாக உண்டு; கிளாராவே பின்னாளில் தன் பதிப்பில் அதைக் குறைத்தார். ஆனாலும் ஒலி சீக்கிரம் அடங்கும் வாத்தியத்தில் மிக மெதுவாக வாசித்தால் பாட்டின் இழை அறுந்துபோகும் என்பதை எண்ணும்போது, அந்தக் குறியை அப்படியே தள்ளிவிட முடியாது. பெரிய வாத்தியம் இல்லாததால் நாம் இழப்பது நினைப்பதைவிடக் குறைவு. 88 கட்டைகளும், அழுத்தத்துக்கு ஏற்பக் குரல் மாறும் தன்மையும், ஒழுங்கான பெடலும் உள்ள ஒரு டிஜிட்டல் பியானோவே இதற்குப் போதும். கிரேடு வகுப்புகளில் பரவலாக இருக்கும் 61 கட்டைக் கீபோர்டு மட்டும் போதாது. அதில் பலவற்றுக்குப் பெடலும் இல்லை, விரலின் மென்மைக்கு மதிப்பும் இல்லை.

முழுத் தொகுப்பும் வாசிக்க ஏறக்குறைய 20 நிமிடம்தான் ஆகும். ஆண்டுதோறும் மாணவர்களை மேடையேற்றும் கோவைப் பகுதிப் பியானோ ஆசிரியர்கள், அந்த நிகழ்ச்சியின் முடிவில் தாங்களே அமர்ந்து இந்தப் பதின்மூன்றையும் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். தலைப்புகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுப் பெற்றோர் கையில் கொடுங்கள். இடையில் கைதட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.